வீட்டில் தங்கிய இருட்டு

பஞ்சாலையின் சங்கொலியைக் கொண்டே விடியலையும் உச்சியையும் அந்தியையும் பிரித்தறிந்து வாழ்ந்து வந்த ஆலைக் குடியிருப்பில், கடைசி வரிசையின் கடைசி வீட்டில், பங்குனி மாதத்துக் காலையொன்றில், சூரியன் உதித்துத் தென்னை உயரம் ஏறிய பின்னும் இருட்டு வெளியேறாமல் தங்கிவிட்டது. அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிய சண்முகவடிவு, வாசலில் வெயிலையும் வாசலுக்கு உள்ளே இரவையும் கண்டு சற்று நின்றாள். பின்னர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சன்னல்களைத் திறந்தாள். வந்த வெளிச்சம், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கும் விருந்தாளியைப் போலச் சன்னல் விளிம்பிலேயே நின்றுகொண்டது. இனி அதை உபசரித்துப் பயனில்லை என்று கண்ட வடிவு, சுவரைத் தடவிக்கொண்டே அடுக்களைக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அதன் சுடரும் பாத்திரத்தின் அடியை மட்டும் காட்டிவிட்டு, அதற்குமேல் எதையும் காட்ட மறுத்தது.

"ஏங்க, விடிஞ்சிருச்சு. ஆனா வீட்டுக்குள்ள மட்டும் விடியல" என்று கணவனை எழுப்பினாள்.

"மேகமா இருக்கும்."

"வெளிய வெயில் சுள்ளுனு அடிக்கி."

ஆவுடையப்பன் படுத்தபடியே அதைச் சிந்தித்தார். "அப்ப நல்லதாப் போச்சு. உள்ள வெக்கை ஏறாது. ஃபேன் போட வேண்டாம்" என்றார்.

ஆலையின் பஞ்சுக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்த ஆவுடையப்பனைக் கருமி என்று சொல்லுதல் பிழையாகும். கேட்டவர்க்கு இல்லையென்னாதவர் அவர்; கோயில் கொடைக்கு முதல் வரி கொடுப்பவர்; மனைவியை ஒருநாளும் கைநீட்டி அடித்தறியாதவர். அவருக்குப் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: ஆளில்லாத அறையில் விளக்கு எரிவது. ஆகையால் வடிவு ஓர் அறையைவிட்டு மறு அறைக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குப் பின்னாலேயே சென்று சுவிட்சை அணைத்தார். பிறகு அதுவும் போதாதென்று எண்ணி, வீட்டிலிருந்த குண்டு பல்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிப் பரணில் போட்டார். அந்த ஒற்றைப் பல்பையும் சூடாறு முன்னரே துண்டால் பற்றித் திருகி எடுத்து, கூடத்திலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து கூடத்துக்கும், பச்சைப் பிள்ளையைத் தூக்கிச் செல்பவரைப் போல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். பிள்ளைப் பேறு வாய்க்காத அந்த வீட்டில் அவ்வளவு பதனமாக ஏந்தப்பட்ட பொருள் வேறொன்றும் இருந்ததில்லை.

இவ்வளவும் எதற்காக என்றால், வடிவுக்குக் கிரைண்டர் வாங்குவதற்காக. ஆட்டுரலில் மாவாட்டி மாவாட்டி அவளுடைய வலத் தோள் இறங்கிப் போயிருந்தது. தைலம் தேய்த்துவிடும் பொழுதெல்லாம் அவர் மனத்துக்குள் அந்தத் தோளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"கிரைண்டர் ஓடுனா கரண்டு ஆகாதா?" என்று வடிவு ஒருமுறை கேட்டாள்.

"ஆகும். அதுக்குத்தான் இப்பமே விளக்கை மிச்சம் பிடிக்கேன்."

"அது சரி. நாளைக்குக் குடிக்கதுக்காக இன்னைக்கே தாகத்தை மிச்சம் பிடிச்ச கதையால்ல இருக்கு" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பல்பைக் கழற்றினார்.

இப்படி ஆண்டுக்கணக்கில் அணைக்கப்பட்டு, விரட்டுவாரின்றி, மூலைகளிலும் பரணிலும் கட்டிலுக்கடியிலும் சேர்ந்து வந்த இருட்டு, ஒருநாள் காலையில் தனக்கும் அந்த வீட்டில் பாத்தியதை உண்டு என்று தீர்மானித்துவிட்டது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்றே குடியிருப்பில் பலரும் பேசிக்கொண்டார்கள்.

முதலில் வந்தவள் அடுத்த வீட்டுச் செல்லக்கனி. சாம்பார்ப் பொடி வாங்க வந்தவள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என்ன மதினி, கதவு சன்னலெல்லாம் அடைச்சு வச்சிருக்கே?"

"எல்லாம் தொறந்துதான் கெடக்கு, கனி. உள்ள வா."

செல்லக்கனி ஒரு கையை உள்ளே நீட்டினாள். முழங்கை வரை காணாமற் போயிற்று. சட்டென்று வெளியே இழுத்து, கை இருக்கிறதா என்று பாராமல், வளையல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வடிவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றி அழைத்துச் சென்றது. அவ்வளவுதான், பிறந்த நாள் தொட்டுப் பகலில் கண்ணயராமல் வீரிட்டுக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, வாய் திறந்தது திறந்தபடியே உறங்கிப் போயிற்று.

செய்தி அடிகுழாய் வழியாக வரிசை வரிசையாகப் பரவியது. இரவுப் பணி முடித்து, தகரக் கூரைக்குக் கீழே பகலெல்லாம் புரண்டு புரண்டு படுத்து, உறக்கம் என்பதையே மறந்து போயிருந்த காசிராஜன் ஒரு தலையணையோடு வந்து, "மதினி, ஒரு மூலை குடுத்தாப் போதும்" என்றான். அன்று சாயங்காலம் எழுந்தவன், கலியாணத்துக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை என்று சொல்லித் தன் மனைவியிடம் திட்டு வாங்கினான். அவனைப் பார்த்து இரவுப் பணியாளர் பலரும் பாய் சுருட்டிக்கொண்டு வந்தனர். கண்ணில் அறுவை செய்துகொண்ட கிழவர்கள் பச்சைத் துணியைக் கழற்றிவிட்டு வந்து அமர்ந்தார்கள். வாழைக்காய் மண்டிக்காரர் தார்களைக் கொண்டுவந்து மூலையில் சாய்த்து, புகை மூட்டாமலே பழுக்கிறது என்று மகிழ்ந்தார். பிறர் பார்க்க அழக் கூடாத துக்கம் உடையவர்களும் வந்தார்கள். அவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, மூக்குறிஞ்சும் ஒலி மாத்திரம் கேட்கும். அது யார் என்று எவரும் கேட்டதில்லை. இது ஏதும் தோஷமோ என்று ஐயுற்றுச் சிலர் அம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டபொழுது, "சாமி இருக்கிற இடத்துலயும் இருட்டாத்தான் இருக்கு. அங்க போயி யாரும் குத்தம் சொல்லலையே" என்று அவர் முடித்துவிட்டார்.

ஆவுடையப்பன் மீட்டரைக் கட்டிப்போட்டுக் கள்ளத்தனமாக மின்சாரம் எடுக்கிறார் என்று யாரோ எழுதிப்போட்டதன்பேரில், சோதனை அதிகாரி ஒருவரும் டார்ச் விளக்கோடு வந்தார். விளக்கின் வெளிச்சம் வாசற்படியில் விழுந்து அங்கேயே கிடந்தது. வடிவு அவர் கையைப் பிடித்து, சுவிட்சுகளையும் வெற்று ஹோல்டர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர் வாழைத்தார்களுக்கு அருகில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் உறங்கினார், அந்தியில் தெளிந்த முகத்தோடு எழுந்து, குற்றம் ஏதும் காணப்படவில்லை என்று சொல்லிச் சென்றார்.

இவ்வாறாக அந்த இருட்டு, ஊர்ப் பொதுக்கிணற்றைப் போல எல்லார்க்கும் உரியதாயிற்று. கிணற்றுக்கு ஒரு கயிறு வேண்டுமல்லவா? அந்தக் கயிறு வடிவாக இருந்தாள். வாசலில் நின்று குரல் கொடுத்தவர்களின் கையைப் பிடித்து, ஒரு கையால் சுவரைத் தடவி வழி அறிந்து, உறங்குபவர்களை மிதிக்காமல் அவரவர் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதும், எழுந்தவர்களை வாசலில் கொண்டு விடுவதும் அவள் வேலையாயின. நாளடைவில் குடியிருப்பில் அனைவரும் அவளுடைய உள்ளங்கையை அறிந்திருந்தார்கள். எந்த விரலடியில் காய்ப்பு, எந்த விரலில் வெட்டுத் தழும்பு என்று கேட்டால் சிறு பிள்ளைகளும் சொல்லும். அவளுடைய முகத்தைத்தான் சிறுகச் சிறுக மறந்து போனார்கள். அவளோ விடியற்காலைச் சங்குக்கு முன்னே, மனிதர் நிழலாய்த் தெரியும் வேளையில், தண்ணீர் எடுத்துவந்துவிடுவாள். பகல் வெளிச்சம் அவள் கண்களைக் கூசச் செய்யத் தொடங்கியிருந்தது.

ஆவணி மாத ரீடிங்கில் எண் இரண்டொன்று மட்டுமே ஏறியிருக்கக் கண்ட ஆவுடையப்பனுக்கு ஒரு புதிய இலட்சியம் பிறந்தது. விளக்கும் விசிறியும் தேவைப்படாத வீட்டில், மீட்டரின் சக்கரம் முற்றிலும் அசையாதிருக்கலாமே! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர், சென்ற முறை எழுதிய எண்ணையே மறுமுறையும் எழுத வேண்டும். ஒரே ஒரு முறை அவ்விதம் நேர்ந்துவிட்டால், அவ்வூரில் எவரும் செய்திராத காரியத்தைச் செய்தவராவார். கைத்தறித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அந்தச் சக்கரத்தை நோக்குவார். அது நின்றிருக்கும். அந்த நிலையைக் காண்கையில், ஓடும் ஆற்றைக் கையால் நிறுத்தியவரைப் போல அவர் நெஞ்சு நிமிரும்.

ஐப்பசி மழை தொடங்கிய பின்னர் வடிவுக்குச் சோறு பிடிக்கவில்லை.

"தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டுது. உடம்பெல்லாம் அரிக்கி" என்றாள்.

"மழைத் தண்ணி ஒத்துக்கலை. வெந்நி வச்சுக் குடி" என்றார் ஆவுடையப்பன். அன்றிரவு அவரே எழுந்து, தட்டுத் தடுமாறிப் போய், கையைச் சுட்டுக்கொண்டு வெந்நீர் வைத்தும் கொடுத்தார்.

செல்லக்கனி அவள் கையைப் பற்றியபோது, "என்ன மதினி, கை இப்படிக் கொதிக்கி?" என்றாள்.

"அடுப்படியில இருந்தேம்லா, அதான்."

"குரலும் கெணத்துக்குள்ள இருந்து வாரமாதிரி இருக்கு. வெளிய வா, ஒன் மூஞ்சியப் பாப்போம்."

"வெயிலுக்குக் கண்ணு கூசுதுட்டி. சாயந்தரம் வாரேன்."

சாயங்காலம் அவள் வாசலை நோக்கிப் புறப்பட்டாள். அந்நேரம் பார்த்துக் காசிராஜனின் குழுவினர் எழுந்து, "மதினி, வழி", "மதினி, என் சட்டை", "மதினி, இது யாரு காலு?" என்று நாலா புறமும் அழைத்தார்கள். எல்லாரையும் அனுப்பி முடிப்பதற்குள் வெளியிலும் இருட்டிவிட்டது. செல்லக்கனி உலை வைக்கப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் மதியம் சோற்றுக்கு வந்த கணவனிடம் வடிவு கேட்டாள். மணம் முடித்த நாள் முதலாக அவள் அவரிடம் ஒன்றை வாய்விட்டுக் கேட்டது அதுவே முதன்முறை. கிரைண்டரைக்கூட அவள் கேட்டதில்லை.

"ஏங்க, ஒரு தடவை அந்த பல்பை மாட்டி, என்னைப் பாருங்களேன்."

"என்னத்துக்கு?"

"சும்மாதான். நான் எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியல. கண்ணாடியும் தெரியல. நீங்களாவது பாத்துச் சொல்லுங்க. உடம்புக்குள்ள என்னமோ செய்யுது."

ஆவுடையப்பன் அவளுடைய தோளைத் தேடிக் கண்டு அதன்மேல் கை வைத்து, "ரீடிங் எடுத்துட்டுப் போகட்டும், வடிவு. இன்னைக்கோ நாளைக்கோ வந்திருவாரு. இவ்வளவு நாளு அசையாம நிக்கி. இந்த ஒரு தடவை. அப்புறம் பரண்ல உள்ள அத்தனை பல்பையும் மாட்டி ஒன்னைப் பாக்கேன்" என்றார்.

கூடத்தில் படுத்திருந்த காசிராஜன் இதைக் கேட்டு, "வேண்டாம் மதினி! வெளிச்சத்தைக் கண்டா இது கலைஞ்சு போயிரும். பெறகு நாங்க எங்கிட்டுப் போயித் தூங்க? ஒங்க அழகுதான் எங்களுக்குத் தெரியுமே!" என்று கேலியாகச் சொன்னான். இருட்டு முழுவதும் சிரித்தது. வடிவும் சிரித்தாள்; நடுவில் இருமல் வந்தது.

ரீடிங் எடுப்பவர் மறுநாள் வரவில்லை. மழையில் பாலம் மூழ்கிற்று என்றார்கள். பாலம் தெளிந்த பின்னர், அவருடைய மகளுக்குக் கலியாணம், விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஆவுடையப்பன் தினமும் ஆலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, "வந்தாரா?" என்று கேட்பார். "வரல" என்று வடிவின் குரல் சொல்லும். முன்பு நின்ற உயரத்திலிருந்து வந்த அந்தக் குரல், பின்பு அமர்ந்த உயரத்திலிருந்து வந்தது. அதற்கும் பின்பு பாயிலிருந்து வந்தது. குரல் இறங்கி வருவதை அவரும் கேட்டார். இருட்டில் எல்லாரும் படுத்தே கிடக்கும் வீட்டில், அவளும் இளைப்பாறுகிறாள் என்று கொண்டார். ஆயினும் யாரேனும் வாசலில் நின்று, "மதினி" என்றால், சற்றுத் தாமதித்தேனும் அந்தக் கை வந்து பற்றிக்கொள்ளும்.

கார்த்திகை பிறந்து வெயில் தெளிந்த ஒரு நண்பகலில் ரீடிங் எடுப்பவர் வந்தார். அட்டையைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். போன முறை எழுதிய எண்ணையே எழுதினார். "என் சர்வீஸ்ல இப்படி எழுதுனதில்ல, பெரியவரே" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆவுடையப்பன் உள்ளே பாய்ந்து, பரணிலிருந்து பல்புகளை மடி நிறைய அள்ளிக்கொண்டார். தடவித் தடவி ஒவ்வொன்றாக மாட்டினார்.

"வடிவு, போடட்டுமா?"

"போடுங்க" என்றது பாய்.

சுவிட்சை அழுத்தினார். பல்புகள் எரிந்தன. ஆயினும் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே, சீசாவில் அடைத்த தேனைப் போல், வெளியே சொட்டாமல் நின்றது. ஒவ்வொரு பல்பும் தன்னை மட்டும் காட்டிற்று.

"தெரியலையே வடிவு. ஒன்னையத் தெரியலையே."

"போகட்டும். பழகிப்போச்சு" என்றாள் அவள்.

அப்போதுதான் அவர் அச்சமுற்றார். குனிந்து அவளைக் கைகளில் எடுத்தார். எத்தனையோ பேரைக் கைப்பிடித்து வாசலுக்குக் கொண்டு வந்தவள், அன்று பல்பைவிடச் சற்றே கனமாக அவருடைய கைகளில் வந்தாள். வாசற்படியில், வெயிலில், அவளை இறக்கி மடியில் கிடத்தி, அவர் தம் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

கண்ணின் வெண்மை என்று ஒன்று இருக்கவில்லை. நகம், உதடு, உள்ளங்கை யாவும் பழுத்த பூவரச இலையின் நிறமாய் இருந்தன. செல்லக்கனி வாயில் அடித்துக்கொண்டு கத்தினாள். காமாலை என்று அறிவதற்கு அந்தக் குடியிருப்பில் வைத்தியர் வேண்டியதில்லை. கீழிமை விளிம்பை விரலால் இறக்கிப் பார்க்க எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பார்த்த மாத்திரத்தில் புருஷனை விரட்டி வண்டி பிடிக்கச் செய்யவும் தெரியும். அத்தனை பேரும் நாள்தோறும் அவள் கையைப் பற்றி நடந்தவர்கள்தாம்.

வடிவு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கே" என்றார் ஆவுடையப்பன்.

பெரிய ஆஸ்பத்திரியில், "இவ்வளவு முத்துற வரைக்கும் வீட்டுல ஒருத்தருமா பாக்கல?" என்று டாக்டர் கேட்டார். காசிராஜன் தலை குனிந்துகொண்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். ஆவுடையப்பன், "வீட்டுல வெளிச்சம் இல்லீங்க" என்று மாத்திரம் சொன்னார். டாக்டர் அதை வறுமை என்று எடுத்துக்கொண்டு, அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வடிவைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள்.

சுமங்கலியாய்ப் போனவளுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுதல் முறை. பெண்கள் அம்மியில் மஞ்சளை விழுது விழுதாய் அரைத்துக் கிண்ணத்தில் வழித்து வைத்தார்கள். முற்றத்தில் சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். செல்லக்கனி விழுதை அள்ளிக் கன்னத்தருகே கொண்டுபோனாள். அள்ளிய கை நின்றது. பூச வேண்டிய இடம் ஒன்றுமில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் அந்த முகத்தைத் தடவிக் கொடுத்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக அவ்வாறே செய்தார்கள்.

பாடை தெருமுனை திரும்பிய வேளையில், அந்த வீட்டின் இருட்டும் எழுந்து வாசற்படி இறங்கிற்று. வந்தபொழுது எவரும் வியவாததைப் போலவே, அது போனபொழுதும் எவரும் வியக்கவில்லை. பாடைக்குப் பின்னால், கால்மாட்டில் நடக்கும் உறவினனைப் போல, அது மெதுவாகச் சென்றது. சுடுகாட்டு வழியில் நடந்தவர்களின் முதுகில் குளிர்ச்சியாகப் பட்டது. இரவுப் பணியாளர்கள் அதற்கு ஒதுங்கி வழி விட்டார்கள்.

திரும்பி வந்து தலை முழுகி ஆவுடையப்பன் வீட்டுக்குள் நுழைந்தபொழுது, அன்றைக்கு அணைக்காமல் விட்ட பல்புகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. சன்னல் விளிம்பில் மாதக்கணக்காகத் தயங்கி நின்ற வெளிச்சமும் உள்ளே வந்து அமர்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் சுவர் தெரிந்தது.

வெள்ளையடித்த சுவரில், வாசலிலிருந்து கூடம் வழியாக அடுக்களைவரை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை ஓடியது. எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் மஞ்சள்பொடியும் வியர்வையும் ஏறிய கைத்தடம். பிறரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் தடவிச் சென்ற வழி. தோள் உயரத்தில் ஒரு கோடு அழுத்தமாகவும் நேராகவும் இருந்தது. அதற்குக் கீழே இடுப்புயரத்தில் இன்னொன்று, இடையிடையே நின்று மூச்சு வாங்கிய இடங்களில் விரல்கள் ஐந்தும் அகல விரிந்து பதிந்திருந்தன. அதற்கும் கீழே முழங்கால் உயரத்தில் ஒன்று. கடைசியாக, தரையை ஒட்டி, தவழும் குழந்தையின் உயரத்தில், வாசல்வரை போய் வாசலிலிருந்து திரும்பி வந்த ஒரு மெல்லிய கோடு. அத்தனை தாழ்விலிருந்துதான் அந்தக் கை நீண்டு வந்து, குரல் கொடுத்தவர்களைப் பற்றியிருக்கிறது.

ஆவுடையப்பன் தரையில் அமர்ந்து, அந்தக் கடைசிக் கோட்டின்மேல் தம் விரலை வைத்தார்.

பொங்கலுக்கு எல்லா வீடுகளிலும் சுண்ணாம்பு அடித்தார்கள். காசிராஜன் மட்டையும் வாளியுமாக வந்து வாசலில் நின்றான், உள்ளே பார்த்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆட்டுரல் முற்றத்து மழைநீரை ஏந்திக்கொண்டு கிடந்தது. பாய் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் பழையபடி தகரக் கூரைக்குக் கீழே புரண்டு படுத்தார்கள்.

மறு ரீடிங் எடுக்கும் நாள் வந்தது. வந்தவர் மீட்டரைப் பார்த்தார். சக்கரம் விசையாகச் சுழன்றுகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். நட்டநடுப் பகலில், கூடத்திலும் அடுக்களையிலும் ஆளில்லாத அறையிலும் பல்புகள் எரிந்தன. சுவருக்கு எதிரே அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பெரியவரே, பகல்ல இத்தனை லைட்டு?" என்று சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தால் அவர் உள்ளே கை நீட்டிச் சுவிட்சைத் தொட்டார்.

"அணைச்சிராதீங்க" என்றார் ஆவுடையப்பன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் பாத்து முடியல."